டைமிங் செயின் சத்தமா? முன்கவரைக் கழற்றும் முன்பும், மூடிய பின்பும்

எஞ்சினின் முன்பக்கம் எது கடகடத்தாலும் பழி முதலில், பிஸ்டன்களோடு சுற்றும் கிராங்கையும் வால்வுகளைத் திறக்கும் கேமையும் இணைக்கும் டைமிங் செயின் மேல்தான் விழுகிறது. ரேடியேட்டர், ஃபேன், பெல்ட், கிராங்க் புல்லி, இரண்டு டேப்பட் கவர், முன்கவர் எல்லாவற்றையும் இறக்கி, புதுச் செயின் போட்டு மூடிய பிறகு அதே சத்தம் கேட்டால் செய்த வேலை அத்தனையும் வீண். அதனால் காது சொல்வதை நம்பிக் கவரைத் திறக்க வேண்டாம். செயின்தான் காரணம் என்று ஒரு அளவோ, கையில் கிடைத்த ஒரு துண்டோ சொல்ல வேண்டும்.

இங்கே சொல்வது நீளவாக்கில் உட்காரும் வி6, வி8 பெட்ரோல் எஞ்சின்களை மனதில் வைத்து. 2009 முதல் ரேஞ்ச் ரோவர், ரேஞ்ச் ரோவர் ஸ்போர்ட், டிஸ்கவரி 4 ஆகியவற்றில் வந்த 5.0 லிட்டர் வி8 நல்ல உதாரணம். அதில் செயின் முன்பக்கம் இருப்பதால், எஞ்சினை வண்டியிலேயே வைத்து மாற்றலாம். போல்ட்டுகளை இறுக்கும் டார்க் (முறுக்கு) அளவுகளை மட்டும் உங்கள் எஞ்சின் எண்ணுக்கான சர்வீஸ் மேனுவலில் இருந்துதான் எடுக்க வேண்டும். ஒரே பெயருள்ள எஞ்சினின் இரண்டு வகைகளில்கூட அது மாறும்.

முதலில், செயின் எந்தப் பக்கம்?

இதற்கு விடை தெரியாமல் ஒரு போல்ட்டைக்கூடத் தொட வேண்டாம். ஆடியின் 3.0 டி.டி.ஐ., 3.0 டி.எஃப்.எஸ்.ஐ., 4.2 எஃப்.எஸ்.ஐ., டுவாரெக்கிலும் கேயெனிலும் வந்த 3.6 வி.ஆர்.6, பி.எம்.டபிள்யூவின் என்57 டீசல் ஆகியவற்றில் செயின் கியர்பாக்ஸ் பக்கம் இருக்கிறது. கியர்பாக்ஸையோ எஞ்சினையோ இறக்காமல் அதை நெருங்க முடியாது. லிஃப்டும் எஞ்சின் கிரேனும் இல்லாத வீட்டில் அது நடக்கிற வேலை இல்லை.

மெர்சிடிஸ் எம்272 வி6, எம்273 வி8 ஆகியவற்றின் ஆரம்பகாலத் தயாரிப்புகளில் சிக்கல் வேறு. வி6-ல் பேலன்ஸ் ஷாஃப்டின் பல்சக்கரமும், வி8-ல் நடுவில் சுழலும் ஐட்லர் பல்சக்கரமும் தேயும். செயின் நன்றாகவே இருக்கும், டைமிங் மட்டும் தவறும். பல்சக்கரத்தை மாற்ற எஞ்சினை வெளியே எடுத்தாக வேண்டும். இந்த எஞ்சின்களில் பழைய செயினை வெட்டி, அதன் நுனியில் புதியதைக் கோத்து, கிராங்கைச் சுற்றிச் சுற்றி உள்ளே இழுத்து ரிவெட் அடிக்கும் முறை உண்டு. முன்கவரைத் திறக்காமலே செயின் மாறிவிடும். ஆனால் செயின் உரசி ஓடும் கைடுகள் பழையவையாகவே இருக்கும். சத்தம் கைடில் இருந்து வந்திருந்தால் இந்தக் குறுக்குவழியால் ஒன்றும் மாறாது.

அறிகுறி: காலையில் ஸ்டார்ட் செய்ததும் இரண்டு மூன்று வினாடி கடகடப்பு, பிறகு அமைதி

செயினைத் தளராமல் அழுத்திப் பிடிக்கும் டென்ஷனர் ஆயில் அழுத்தத்தில் வேலை செய்கிறது. இரவு முழுதும் நின்ற எஞ்சினில் அதற்குள் இருக்கும் ஆயில் வடிந்துவிட்டால், அழுத்தம் ஏறும் வரை செயின் தளர்ந்து அடிக்கும். அப்படியானால் ஆயில் ஏன் வடிந்தது என்பதில் இருந்து தொடங்க வேண்டும்.

மலிவான காரணத்தை முதலில் தீருங்கள். ஆயில் மட்டம் சரியா? தரமும் கனமும் மேனுவல் சொல்வதுதானா? மேலே சொன்ன 5.0 வி8-க்கு 5டபிள்யூ-20. சத்தம் அடங்கட்டும் என்று கெட்டியான ஆயில் ஊற்றினால் குளிர்ந்த நேரத்தில் அது டென்ஷனருக்குப் போய்ச் சேரவே கூடுதல் நேரமாகும், காலைச் சத்தம் நீளும். அடுத்து ஃபில்டர். ஆயில் திரும்பி வடியாமல் தடுக்கும் வால்வு சில எஞ்சின்களில் ஃபில்டரிலேயே இருக்கிறது, சிலவற்றில் ஃபில்டர் கூட்டில். மலிவான ஃபில்டரில் அந்த ரப்பர் வாய் சரியாக மூடுவதில்லை. சரியான ஃபில்டர், சரியான ஆயில் போட்டு, வண்டியை எட்டு மணி நேரமாவது நிறுத்தி மறுபடி கேளுங்கள்.

இன்னும் சத்தம் இருந்தால் இரண்டு பேர் மேல் சந்தேகம். ஒன்று டென்ஷனர், மற்றது கேமின் முனையில் உட்கார்ந்து அதன் கோணத்தை மாற்றும் கேம் ஃபேசர். ஃபேசருக்குள் ஒரு பூட்டு முள் இருக்கிறது. எஞ்சின் நிற்கும்போது அது விழுந்து ஃபேசரை ஆரம்ப இடத்தில் பிடித்துக்கொள்ள வேண்டும். முள்ளோ அதன் குழியோ தேய்ந்தால், ஸ்டார்ட் ஆனதும் ஃபேசர் இங்கும் அங்கும் மோதும். மெக்கானிக் ஸ்டெதஸ்கோப்பை வையுங்கள். டேப்பட் கவரின் முன்முனையில், கேம் உயரத்தில், கூர்மையாக ‘டர்ர்ர்’ என்று கேட்டால் ஃபேசர். முன்கவரின் நடுப்பகுதியில் சங்கிலியைத் தகரத்தில் இழுப்பது போலக் கேட்டால் செயினும் டென்ஷனரும்.

அந்த 5.0 வி8-க்கென்றே ஒரு பலவீனம் உண்டு. டென்ஷனரின் எஃகு முனை, செயினை அழுத்தும் அலுமினியப் பட்டையின் முதுகில் நேரடியாகக் குத்திக்கொண்டே இருக்கும். காலப்போக்கில் அந்த இடத்தில் வட்டமாக ஒரு குழி விழுகிறது. குழியின் ஆழம் எவ்வளவோ அவ்வளவு டென்ஷனரின் வீச்சு வீணாகிறது. பின்னால் வந்த பட்டையில் அந்த இடத்தில் எஃகு வில்லை பதித்திருக்கிறார்கள். உதிரி வாங்கும்போது பட்டையின் முதுகைத் திருப்பிப் பாருங்கள். வில்லை இல்லாத பழைய வகை வந்திருந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

அறிகுறி: சூடான பிறகு ஐடிலிங்கில் சத்தம், நிமிடத்துக்கு 1500 சுற்றுக்கு மேல் மறைகிறது

காலைச் சத்தத்தைவிட இதை அவசரமாக எடுத்துக்கொள்ள வேண்டும். சூட்டில் ஆயில் மெலிந்து, ஐடிலிங்கில் அழுத்தம் குறைந்து, டென்ஷனர் தளர்கிறது. காரணம் டென்ஷனர் கசிவாக இருக்கலாம். ஆயில் பம்போ பேரிங்கோ தேய்ந்திருக்கலாம். ஆயில் பம்பின் உறிஞ்சு வலை அடைத்துக்கொண்டும் இருக்கலாம். ஆயில் பிரஷர் சென்சாரைக் கழற்றி, அந்தத் துளையில் முள் காட்டும் கேஜை மாட்டி, எஞ்சின் முழுச் சூட்டில் இருக்கும்போது ஐடிலிங்கிலும் 2000 சுற்றிலும் அளந்து மேனுவலோடு ஒப்பிடுங்கள். டாஷ்போர்டு விளக்கை நம்பி இருக்க வேண்டாம், நிலைமை முற்றிய பிறகுதான் அது எரியும்.

அழுத்தம் குறைவு என்றால் செயின் வேலையைத் தள்ளிவைத்து, அடியில் இருக்கும் ஆயில் தொட்டியான சம்பை இறக்கி உறிஞ்சு வலையைப் பாருங்கள். உடைந்த கைடின் பிளாஸ்டிக் துண்டுகள் போய் ஒட்டுவது அங்கேதான். வலையைச் சுத்தம் செய்யாமல் புதுச் செயின் போட்டால், புது டென்ஷனரும் அதே பட்டினியில்தான் ஓடும்.

அறிகுறி: ஆக்சிலரேட்டரை விடும்போது, 2000–3000 சுற்றில் உரசலும் கடகடப்பும்

இழுவை திசை மாறும் கணத்தில் சத்தம் வந்தால் செயின் நீண்டிருக்கலாம், அல்லது கைடு உடைந்திருக்கலாம். ஆதாரம் ஆயிலில் கிடைக்கும். ஃபில்டர் காகிதத்தை வெட்டி, மடிப்புகளை விரித்து, வெளிச்சத்தில் பாருங்கள். பழுப்பு அல்லது கறுப்பு நிறப் பிளாஸ்டிக் சில்லுகள் கைடில் இருந்து வந்தவை. காந்தத்தில் ஒட்டாத வெள்ளிப் பொடி அலுமினியம். செயின் கவரையோ பட்டையையோ அறுத்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். காந்தத்தில் ஒட்டும் நுண்ணிய எஃகு, செயினோ பல்சக்கரமோ. செம்பு நிறத்தில் மின்னினால் அது பேரிங். அப்போது செயின் மாற்றுவதில் பயனில்லை, எஞ்சினையே பிரித்துப் பார்க்க வேண்டிய நிலை.

செயினே இல்லாத செயின் சத்தங்கள்

மேற்கொண்டு போகும் முன் இந்த ஒரு சோதனை. சூப்பர்சார்ஜர் உள்ள 5.0 வி8, 3.0 வி6 வண்டிகளில், சூப்பர்சார்ஜரின் மூக்குக்குள் இருக்கும் இணைப்புத் துண்டான கப்ளர் தேய்ந்தால் ஐடிலிங்கில் வரும் கடகடப்பு டைமிங் செயினையே உரித்து வைத்தது போல இருக்கும். பெல்ட்டைக் கழற்றிவிட்டு, குளிர்ந்த எஞ்சினை முப்பது வினாடி மட்டும் ஓட்டிக் கேளுங்கள். பெல்ட் இல்லாமல் வாட்டர் பம்பும் நின்றுவிடும், அதற்கு மேல் ஓட்டக் கூடாது. சத்தம் போய்விட்டால் கப்ளர், ஐட்லர் புல்லி, ஆல்டர்னேட்டர், வாட்டர் பம்ப் பேரிங் இவற்றில் ஒன்று. டைரக்ட் இன்ஜெக்ஷன் எஞ்சினில் உயர் அழுத்த எரிபொருள் பம்பு சீராக ‘டிக் டிக்’ என்று அடிப்பது இயல்பு. செயின் அப்படித் தாளம் தவறாமல் அடிக்காது.

அறிகுறி: எஞ்சின் விளக்கு எரிகிறது, ஸ்கேனரில் பிழைக் குறியீடு (கோடு) வருகிறது

கோடுகளில் இரண்டு குடும்பம். இரண்டையும் ஒன்றாக எண்ணுவதால்தான் நல்ல செயின்கள் குப்பைக்குப் போகின்றன.

பி0011, பி0012, பி0014, பி0015, மறு பேங்க்கில் (வி எஞ்சினின் மறுபக்கச் சிலிண்டர் வரிசையில்) பி0021, பி0022: கம்ப்யூட்டர் கேட்ட கோணத்துக்கு ஃபேசர் போகவில்லை. ஆயில், ஃபேசருக்கு ஆயிலை விடும் மின்வால்வான சோலனாய்டு, அதன் வடிகட்டி வலை, ஃபேசர் என்ற வரிசையில் பாருங்கள். ஒரே வகைச் சோலனாய்டாக இருந்தால் இரண்டு பேங்க்குக்கும் இடையே மாற்றிப் போடுங்கள். கோடும் கூடவே இடம் மாறினால் சோலனாய்டுதான் குற்றவாளி, கவரைத் திறக்க வேண்டியதில்லை.

பி0016, பி0017 (பேங்க் 1), பி0018, பி0019 (பேங்க் 2): கிராங்க்குக்கும் கேமுக்கும் இடையிலான அடிப்படை உறவே தவறியிருக்கிறது. செயினைச் சந்தேகிக்க வேண்டிய கோடுகள் இவை.

எந்தப் பேங்க்கில் வந்தது என்பதிலேயே பாதி விடை இருக்கிறது. ஒரு பேங்க்கில் மட்டும் என்றால் அந்தப் பக்கத்துச் செயின், டென்ஷனர், ஃபேசர். இரண்டு பேங்க்கும் ஏறக்குறைய ஒரே அளவு பின்தங்கினால் பொதுவான இடத்தைப் பாருங்கள்: கிராங்க் சென்சார், அதன் பல்வளையம், இரண்டு பக்கத்துக்கும் பொதுவான ஒரே செயின், அல்லது கிராங்கில் நழுவிய பல்சக்கரம். பி.எம்.டபிள்யூ என்55 போன்றவற்றில் கிராங்க் பல்சக்கரத்துக்குச் சாவி (நழுவாமல் பிடிக்கும் சிறு எஃகுத் துண்டு) கிடையாது. நடு போல்ட்டின் இறுக்கம் மட்டுமே அதைப் பிடித்திருக்கிறது.

அடுத்து, ஸ்கேனரில் கேம் விலகல் அளவைப் பாருங்கள். இதில் ஒரு சின்னக் கணக்கு உதவும். 8 மி.மீ. இடைவெளியுள்ள செயின், கிராங்கில் 20 பல், கேமில் 40 பல் என்று வைத்துக்கொள்வோம். ஒரு பல் தாவினால் கிராங்க் கணக்கில் 360 வகுத்தல் 20, அதாவது 18 டிகிரி. இனி நீட்சியைப் பார்ப்போம். செயின் நீள்கிறது என்று சொன்னாலும் எஃகு நீள்வதில்லை. ஒவ்வொரு மூட்டிலும் ஊசியும் புஷ்ஷும் தேய்கின்றன. மூட்டுக்கு 0.01 மி.மீ. தேய்ந்தால், இழுக்கும் பக்கம் உள்ள 60 மூட்டில் 0.6 மி.மீ. கேம் பல்சக்கரத்தின் சுற்றளவு 320 மி.மீ. என்பதால் கேமில் சுமார் 0.7 டிகிரி, கிராங்க் கணக்கில் 1.4 டிகிரி. ஆக, சில டிகிரி மெல்ல மெல்லப் பின்தங்கியிருந்தால் நீட்சி அல்லது கைடு தேய்மானம். திடீரென்று பதினெட்டுக்குப் பக்கத்தில் ஒரு எண் வந்தால் பல் தாவியிருக்கிறது. உங்கள் எஞ்சினின் பற்களை எண்ணி இதே கணக்கைப் போட்டுக்கொள்ளுங்கள்.

அறிகுறி: மிஸ்ஃபயர், பிக்கப் இல்லை, செல்ஃப் அடிக்கும் ஒலி சீராக இல்லை

கம்ப்ரஷன் பாருங்கள். எல்லா ஸ்பார்க் பிளக்கையும் கழற்றி, எரிபொருளைத் துண்டித்து, பேட்டரிக்குச் சார்ஜர் மாட்டி, ஆக்சிலரேட்டரை முழுதாக மிதித்து, ஒவ்வொரு சிலிண்டரிலும் ஐந்தாறு அடி. ஒரு பேங்க் முழுவதும் ஒரே மாதிரிக் குறைந்தால் அந்தப் பக்கத்து கேம் டைமிங் தவறியிருக்கிறது. பக்கத்துப் பக்கத்து சிலிண்டர் இரண்டு மட்டும் குறைந்தால் ஹெட் கேஸ்கெட். ஒன்று சுழியத்துக்குப் பக்கம் என்றால் வளைந்த வால்வு.

குறைந்த சிலிண்டரை லீக்-டவுன் சோதனையில் காற்றால் நிரப்புங்கள். ஏர் இன்டேக்கில் சீறினால் இன்டேக் வால்வு, சைலன்சரில் சீறினால் எக்ஸாஸ்ட் வால்வு, ஆயில் மூடியில் சீறினால் ரிங். கம்ப்ரஷன் குறைவு, ஆனால் லீக்-டவுன் நன்றாக இருக்கிறது என்றால் அது நல்ல செய்தி. வால்வுகள் தப்பியிருக்கின்றன, நேரம் மட்டும்தான் தவறியிருக்கிறது. செயின் வேலைக்கு இறங்கலாம்.

அறிகுறி: ஓடிக்கொண்டே நின்றுவிட்டது, செல்ஃப் அடித்தால் சுமையே இல்லாமல் வேகமாகச் சுற்றுகிறது

செல்ஃபை மறுபடி தொடாதீர்கள். இந்த எஞ்சின்களில் டைமிங் தவறினால் வால்வும் பிஸ்டனும் ஒரே இடத்தில் சந்திக்கும். ஒவ்வொரு முறை சாவியைத் திருப்பும்போதும் இன்னும் இரண்டு வால்வு போகலாம். பிளக் துளை வழியாகக் கேமராவை விட்டுப் பிஸ்டன் தலையைப் பாருங்கள். பிறை வடிவத்தில் புதிதாக மின்னும் தழும்பு இருந்தால் ஹெட்டைக் கழற்றியாக வேண்டும்.

வேலைக்கு முன் கையில் இருக்க வேண்டியவை

செயின்கள், டென்ஷனர்கள், நிலையான கைடுகள், நகரும் பட்டைகள் எல்லாம் ஒரே செட்டாக, இரண்டு பேங்க்குக்கும். கிராங்க் முன் ஆயில் சீல். டேப்பட் கவர் கேஸ்கெட்டும் பிளக் குழாய் சீல்களும். ஒருமுறை மட்டுமே பயன்படும் போல்ட்டுகள்: கிராங்க் போல்ட், ஃபேசர் போல்ட்டுகள், கழற்றும் அலுமினிய போல்ட்டுகள் அனைத்தும். மேனுவல் குறிப்பிடும் சீலண்ட். ஆயில், ஃபில்டர், கூலண்ட். சம்பை இறக்குவதாக இருந்தால் அதன் சீலிங்கும். பல்சக்கரங்களில் பல் சுறாத் துடுப்பு போலச் சாய்ந்திருந்தால் அவையும் மாற வேண்டும். ஃபேசர் விலை அதிகம். பூட்டு முள் சத்தமோ கோடோ இல்லாவிட்டால் பழையதையே வைத்துக்கொள்ளலாம். 5.0 வி8 என்றால் முன்பக்கத்துப் பிளாஸ்டிக் கூலண்ட் குழாயையும் சேர்த்து வாங்கிவிடுங்கள். அது வெடிப்பதற்குப் பேர் போனது, மறுபடி அவ்வளவு தூரம் இறங்க யாருக்கும் மனம் வராது.

கேமையும் கிராங்கையும் சரியான இடத்தில் நிறுத்தும் கேம் லாக், கிராங்க் லாக் செட் அந்த எஞ்சினுக்கென்றே செய்ததாக இருக்க வேண்டும். இதில் சமாளிப்புக்கு இடமில்லை. 300 நியூட்டன் மீட்டர் வரை போகும் டார்க் ரெஞ்ச் ஒன்று, சின்ன போல்ட்டுகளுக்கு 5 முதல் 50 வரை உள்ளது ஒன்று, கோண அளவி ஒன்று.

ஏர் சஸ்பென்ஷன் உள்ள வண்டியை ஜாக் நிலைக்கு மாற்றி, நிறுத்தி, பேட்டரியைக் கழற்றிய பிறகே அடியில் தலையை நீட்டுங்கள். இரண்டரை டன் வண்டி தானாக இறங்கினால் ஜாக் மட்டும் தாங்காது, ஸ்டாண்டு கட்டாயம். ஏசி குழாயைத் திறக்காமல் கண்டன்சரை ஓரமாகக் கட்டிவையுங்கள். டைரக்ட் இன்ஜெக்ஷன் எரிபொருள் குழாயில் 150 பாரோ அதற்கு மேலோ அழுத்தம் நிற்கலாம். அதை மேனுவல் சொல்லும் முறையில் இறக்காமல் குழாயைத் தளர்த்தக் கூடாது.

கழற்றும்போது கெட்டுப்போகும் இடங்கள்

முன்கவர் போல்ட்டுகள் மூன்று நான்கு நீளங்களில் இருக்கும். அட்டையில் கவரின் உருவத்தை வரைந்து, போல்ட் இருந்த இடத்திலேயே துளையிட்டுக் குத்திவையுங்கள். நீளமானதைக் குட்டைத் துளையில் இறுக்கினால் அலுமினியம் பிளந்துவிடும்.

முதல் போல்ட்டைத் தளர்த்தும் முன் கிராங்கை அதன் இயல்பான திசையில் சுற்றி லாக் இடத்துக்குக் கொண்டுவாருங்கள். தாண்டிப் போய்விட்டால் பின்னுக்கு இழுக்க வேண்டாம், இன்னும் இரண்டு சுற்று முன்னால் போய் வாருங்கள். லாக் முள் நுழையும் இடம் எல்லா எஞ்சினிலும் ஒன்றாம் சிலிண்டரின் டி.டி.சி. (பிஸ்டன் உச்சியில் நிற்கும் இடம்) அல்ல. சிலவற்றில் பிஸ்டன்கள் எல்லாம் வால்வுக்கு எட்டாத தாழ்ந்த இடத்தில் நிற்கும்படி வைத்திருப்பார்கள். கிராங்க் முள் நுழைந்தும் கேம் லாக் உட்காரவில்லை என்றால் பெரும்பாலும் ஒரு சுற்று, 360 டிகிரி, தள்ளி நிற்கிறீர்கள்.

கேம் லாக் என்பது இடத்தைக் காட்டும் கருவி. அதன்மேல் பலத்தைக் காட்டி ஃபேசர் போல்ட்டைத் தளர்த்தினால் லாக் வளையும், அல்லது கேமின் முனை உடையும். கேமின் உடலில் ஆறுபட்டையாக ஒரு பகுதி இருக்கும். ஸ்பேனரை அங்கே மாட்டி ஒருவர் பிடித்துக்கொள்ள, மற்றவர் போல்ட்டைத் தளர்த்த வேண்டும்.

செயின் கழன்ற பிறகு கேமையோ கிராங்கையோ தனியாகச் சுற்றாதீர்கள். சம்ப் வாயை நூல் உதிராத துணியால் அடையுங்கள், எத்தனை துணி என்று எழுதிவையுங்கள். சீலண்ட் தடத்தைச் சுரண்ட பிளாஸ்டிக் சுரண்டியும் கரைப்பானும் போதும். டிரில்லில் மாட்டும் உராய்வு வட்டு உதிர்க்கும் பொடி ஆயிலோடு போய்ப் பேரிங்கைத் தின்றுவிடும்.

மாட்டும்போது

முதலில் கைடுகள், பிறகு செயின், கடைசியில் முள் செருகிய நிலையில் டென்ஷனர். பட்டையின் முதுகு டென்ஷனர் முனையில் சரியாக உட்கார்ந்ததைக் கண்ணால் பார்த்த பிறகு முள்ளை உருவுங்கள். முன்னதாக உருவினால் ராட்செட் முழுதாக வெளியே பாய்ந்துவிடும், சில வகைகளை மறுபடி உள்ளே தள்ளவே முடியாது. உருவிய முட்களை ஒரு தட்டில் போட்டு எண்ணுங்கள்.

சாவி உள்ள பல்சக்கரம் என்றால் செயினின் வண்ணக் கண்ணியும் பல்லின் குறியும் சேர்ந்தால் போதும். ஃபேசர் வெறும் இறுக்கத்தால் மட்டும் நிற்கும் எஞ்சினில் குறிகளை நம்ப முடியாது. கேம் லாக்கில் இருக்க வேண்டும், ஃபேசர் போல்ட் கையால் திருகிய தளர்வில் இருக்க வேண்டும், அதற்கான கருவியால் மேனுவல் சொன்ன முறுக்கை ஃபேசருக்குக் கொடுத்து இழுக்கும் பக்கத்துத் தளர்வை எடுத்த பிறகே போல்ட்டை இறுக்க வேண்டும். இந்த ஒரு படியைத் தவிர்த்தால் புதுச் செயினிலும் பி0016 வரும்.

இப்போது லாக்குகளை எல்லாம் எடுத்துவிட்டு, பிளக்குகள் வெளியே இருக்க, கிராங்கைக் கையால் இரண்டு முழுச் சுற்று, 720 டிகிரி, சுற்றுங்கள். வழியில் கல்லில் முட்டியது போல நின்றால் பலவந்தம் வேண்டாம். பிளக் இல்லாத எஞ்சினில் கம்ப்ரஷன் தடுக்காது, அது வால்வு பிஸ்டனைத் தொடும் இடம். நல்லபடியாகச் சுற்றி வந்தால் லாக்குகளை மறுபடி நுழையுங்கள். தட்டாமல், நெம்பாமல் உட்கார வேண்டும். இரண்டு சுற்றுக்குப் பிறகு வண்ணக் கண்ணிகள் குறியில் இல்லையே என்று பலரும் கலங்கி, சரியாக மாட்டியதைக் கழற்றிவிடுகிறார்கள். மேலே சொன்ன 20 பல் கிராங்க், 40 பல் கேமில் 150 கண்ணிச் செயின் என்றால், கிராங்கிலும் கேமிலும் கண்ணிகளும் குறிகளும் மறுபடி ஒன்றாக வர கிராங்க் 30 சுற்று சுற்ற வேண்டும். லாக் உட்கார்ந்தால் போதும், வண்ணத்தை மறந்துவிடுங்கள்.

கவர் மேல் சீலண்ட் சுமார் 3 மி.மீ. தடிமனில், அறாத கோடாக. பிளாக், ஹெட், சம்ப் கூடும் மூலைகளில் ஒரு சொட்டு கூடுதல். குழாயில் எழுதியுள்ள நேரத்துக்குள் கவரை மாட்டி, இறுக்கி, காயும் நேரம் கழிந்த பிறகே ஆயில் ஊற்றுங்கள். கிராங்க் போல்ட் புதியது. பல எஞ்சின்களில் 200 நியூட்டன் மீட்டர் அளவில் முதல் இறுக்கம், அதன் மேல் கோணத் திருப்பு. புல்லியைப் பிடிக்கும் கருவி இல்லாமல், கிராங்க் லாக் முள்ளை நம்பி இதை இறுக்கினால் முள் ஒடிந்து உள்ளேயே தங்கிவிடும்.

முதல் ஸ்டார்ட்டும் அதன் பின்னான அறிகுறிகளும்

எரிபொருள் பம்பின் ஃபியூஸையும் இன்ஜெக்டர் ரிலேயையும் எடுத்துவிட்டு, பத்துப் பத்து வினாடியாக மூன்று முறை செல்ஃப் அடியுங்கள். ஆயில் விளக்கு அணைந்த பிறகு எரிபொருளை இணையுங்கள். முதல் சில வினாடி கடகடக்கும், டென்ஷனர் நிரம்பும் வரை அது இயல்பு. பத்து வினாடி தாண்டியும் நிற்கவில்லை என்றால் அணைத்துவிடுங்கள். தட்டில் போட்ட முட்களை எண்ணுங்கள். ஒன்று குறைந்தால் அது டென்ஷனரிலேயே இருக்கிறது. எண்ணிக்கை சரி என்றால் டென்ஷனரின் பின்னால் இருக்கும் மெல்லிய கேஸ்கெட்டோ ஆயில் வலையோ விடுபட்டிருக்கலாம்.

செல்ஃப் அடிக்கிறது, பிடிக்கவில்லை: எடுத்த ஃபியூஸ், கிராங்க் சென்சார் கனெக்டர். பி0340, பி0345, பி0365, பி0390 வந்தால் கேம் சென்சார் கனெக்டர் இன்டேக்குக்கும் எக்ஸாஸ்டுக்கும் மாறிப் போயிருக்கிறதா என்று பாருங்கள். கம்பி நீளம் இரண்டுக்கும் எட்டுவதால் நடக்கிற பிழை இது.

ஓடிய உடனே பி0016 அல்லது பி0018: கோடை அழித்து, பழைய கற்றல் அளவுகளை ஸ்கேனரில் ரீசெட் செய்து ஒருமுறை பாருங்கள். விலகல் ஒரு பல் கணக்குக்கு ஒத்து வந்தால் திறக்க வேண்டியதுதான். ஓட்டிச் சரியாகட்டும் என்று விடக் கூடாது.

இரண்டு மூன்று நாள் கழித்து பி0011: சோலனாய்டைக் கழற்றுங்கள். அதன் வலையில் சீலண்ட் இழை சிக்கியிருக்க வாய்ப்பு அதிகம். கவரின் உள்பக்கம் பிதுங்கும் அளவுக்குச் சீலண்ட் போட்டதன் விளைவு.

முன்மூலையில் ஆயில் ஈரம்: ஹெட்டும் பிளாக்கும் கூடும் இடத்தில் அந்தக் கூடுதல் சொட்டு இல்லை. வெளியில் பூசி அடைக்க முடியாது.

சூடு ஏறுகிறது, ஹீட்டரில் சூடான காற்று வரவில்லை: கூலண்டில் காற்று அடைத்திருக்கிறது. வாக்கூம் கருவியால் காற்றை உறிஞ்சி நிரப்புவதே இந்த வண்டிகளுக்குச் சரி. இல்லையென்றால் மேனுவல் காட்டும் எல்லாக் காற்றுத் திருகுகளையும் கீழிருந்து மேலாக வரிசையில் திறந்து நிரப்புங்கள்.

ஆயிலையும் ஃபில்டரையும் 500 கிலோமீட்டரில் ஒருமுறை மாற்றுங்கள். அந்த ஃபில்டரையும் வெட்டி விரித்துப் பாருங்கள். சீலண்ட் துணுக்குகள் ஒன்றிரண்டு இருக்கலாம். பழைய கைடின் பழுப்புச் சில்லுகள் இன்னும் வந்துகொண்டிருந்தால் சம்ப் சரியாகச் சுத்தமாகவில்லை. உறிஞ்சு வலை மறுபடி அடைவதற்குள் சம்பை இறக்குங்கள்.